லாவெர்ன் அண்ட் ஷெர்லி: கெடுத்தது ஷெர்லி போனதா, பியர் ஆலை போனதா?

கேள்வி: 'லாவெர்ன் அண்ட் ஷெர்லி' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஐம்பது வருடம் ஆயிற்று என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். இரண்டு பெண்கள் கதவில் மோதுகிறார்கள், கட்டிலிலிருந்து விழுகிறார்கள், கத்துகிறார்கள். வேறு என்ன இருக்கிறது? இதைப் போய்த் தொழிலாளி வர்க்கத்துக் கதை என்கிறார்கள். கடைசி சீசனில் ஷெர்லி போனதும் தொடர் படுத்துவிட்டது. அந்த ஜோடி அடிக்கும் குட்டிக்கரணம்தான் மொத்தத் தொடருமே என்பதற்கு அது போதாதா?

28 ஜனவரி 2026, இரவு 9.40

பார்த்திருக்கிறேன். அதுவும் கதை நடக்கும் அமெரிக்க ஊரான மில்வாக்கியிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

விழுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் விழுகிறார்கள் என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் இருபது டாலருக்காக. ஒரு விருந்துக்குப் போகக் கையில் காசில்லை, அதற்காக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனை எலியாகப் பேர் கொடுக்கிறார்கள், ஒருத்தியைத் தூங்கவிடாமலும் இன்னொருத்தியைச் சாப்பிடவிடாமலும் வைத்திருந்து அப்படியே விருந்துக்கு அனுப்புகிறார்கள். அந்த எபிசோடில் அவர்கள் தள்ளாடுவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அது பட்டினிக் காட்சி என்று உறைத்தது.

1976 ஜனவரி 27, ஏபிசி தொலைக்காட்சி. 'ஹேப்பி டேஸ்' தொடரில் இரண்டு ஆண்களுக்கு ஒரு நாள் ஜோடியாக வந்துபோன பெண்களைப் பிடித்துத் தனித்தொடர் ஆக்கினார்கள். லாவெர்னாகப் பென்னி மார்ஷல், ஷெர்லியாகச் சிண்டி வில்லியம்ஸ். 1950-களின் கடைசி, மில்வாக்கி, ஷாட்ஸ் என்ற பியர் ஆலை, அதில் பாட்டிலுக்கு மூடி போடும் வேலை. அதே காலத்தில் ஓடிய மேரி டைலர் மூர் தொடரிலும் தனியாக வாழும் பெண்தான் நாயகி, ஆனால் அவளுக்குத் தொலைக்காட்சி நிலையத்தில் மேசை வேலை. இவர்களுக்கு நின்றுகொண்டே செய்யும் வேலை. அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

என் கட்சி இதுதான்: தொடர் கெட்டது ஷெர்லி போனபோது இல்லை. பியர் ஆலை போனபோது. ஆறாவது சீசனில் எல்லாரையும் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, அன்றைக்கே முடிந்துவிட்டது.

28 ஜனவரி, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

1999 ஆகஸ்டில் படிக்கப் போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். கூட ஒரு திருநெல்வேலிக்காரி. வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு வீட்டின் அடித்தளத்தில் குடியிருந்தோம். லாவெர்னும் ஷெர்லியும் இருப்பதும் அடித்தள வீடுதான். எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால் போகிற வருகிறவர்களின் செருப்பும் பூட்ஸும்தான் தெரியும், நவம்பருக்கு மேல் அதுவும் தெரியாது, பனி மூடிவிடும். தெருவில் யாரோ தூக்கிப்போட்ட டிவியைத் தூக்கி வந்திருந்தோம், அதில் எதைத் திருப்பினாலும் பழைய தொடர்களின் மறுஒளிபரப்பு.

வேலை: வளாக உணவுக்கூடத்தில் தட்டு கழுவும் அறை. வாரம் இருபது மணிநேரம், அதற்குமேல் மாணவர் விசாவில் கூடாது. ஒரு பெல்ட் ஓடும். பையன்கள் சாப்பிட்டு வைத்த தட்டும் தம்ளரும் அதில் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் நான் எச்சிலை வழித்துப் போட்டு ராக்கில் அடுக்க வேண்டும், மெஷினுக்கு அந்தப் பக்கம் அவள் ஆவி பறக்கும் தட்டை எடுத்து அடுக்க வேண்டும். நடுவில் மெஷின். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இரண்டு பெண்கள் ஏன் எப்போதும் கத்துகிறார்கள் என்று கேட்டீர்களே, லைனில் நின்று பழகிய குரல் அப்படித்தான் இருக்கும், வீட்டுக்கு வந்த பிறகும் இறங்காது.

தொடரின் தொடக்கத்தில் ஒரு துண்டுக் காட்சி வரும். ரப்பர் கையுறையை ஒரு பியர் பாட்டிலின் தலையில் மாட்டிவிடுவார்கள், அது லைனில் போகப் போக இவர்கள் டாட்டா காட்டுவார்கள். நான்கு நொடி இருக்குமா? அந்த நான்கு நொடிக்காகத்தான் நாங்கள் அதைப் பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம். எட்டு மணி நேரம் ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு அந்த வேலையின்மேல் எப்படிக் கோபமும் விளையாட்டும் ஒன்றாக வரும் என்பதை யாரோ தெரிந்து எழுதியிருக்கிறார்கள்.

நாங்களும் செய்தோம். ஒரு தம்ளரில் கையுறையை மாட்டி மெஷினுக்குள் அனுப்பினோம். கையுறை உள்ளே எதிலோ சிக்கி மெஷின் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. மேற்பார்வையாளர் வந்து நின்றது என் பக்கத்தில், ஏச்சு முழுக்க எனக்கு. கையுறையை மாட்டியவள் அந்தப் பக்கம் ஆவிக்குள் ஒளிந்துகொண்டாள்.

29 ஜனவரி

காலையில் படித்துப் பார்த்தால், ஷெர்லி விஷயத்தை ஒரே வரியில் தள்ளியிருக்கிறேன். அது நியாயமில்லை.

எட்டாவது சீசன் தொடக்கத்தில் ஷெர்லி இருக்கிறாள். வால்டர் மீனி என்ற ராணுவ மருத்துவ ஊழியரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள் ஷெர்லி, மாப்பிள்ளை உடம்பெல்லாம் கட்டுப்போட்டு மம்மி மாதிரி நிற்கிறார். ஷெர்லி ஃபீனி, கல்யாணத்துக்குப் பிறகு ஷெர்லி மீனி. பெயரிலேயே ஜோக். அப்புறம் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஆறேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு ஒரு சீட்டு!

நிஜத்தில் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை. சிண்டி வில்லியம்ஸ் அப்போது கர்ப்பமாக இருந்தார். பிரசவத் தேதியன்றும் படப்பிடிப்பு என்று கொடுத்த அட்டவணையை ஏற்காமல் விலகினார், தொடரைத் தயாரித்த பாராமவுண்ட் மேல் 2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. பாட்டிலுக்கு மூடி போடும் பெண்ணாக நடித்து நாட்டையே சிரிக்கவைத்தவருக்கும் கடைசியில் வந்து நின்ற பிரச்சினை, எந்தத் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் வருகிற பிரச்சினைதான். இதை ஒரு எபிசோடாக எடுத்திருக்கலாம், எடுக்கமாட்டார்கள்.

மிச்ச சீசன் முழுக்க லாவெர்ன் தனி. தலைப்பு மட்டும் மாறவில்லை. கடைசி எபிசோடு இன்னும் வேடிக்கை: ஷெர்லியின் பழைய காதலன் கார்மைன் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஆடப் போகும் கதை. லாவெர்ன் அண்ட் ஷெர்லியின் கடைசி அத்தியாயம் ஷெர்லியைப் பற்றியும் இல்லை, லாவெர்னைப் பற்றியும் இல்லை.

30 ஜனவரி

லாவெர்ன் பாலில் பெப்சி கலந்து குடிப்பாளே, அது நிஜமா என்று கேட்கிறார்கள். ஆமாம், பாலில் பெப்சி. லாவெர்ன் குடிப்பது. பென்னி மார்ஷல் சின்ன வயதில் வீட்டில் குடித்ததையே பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆமாம், நாங்களும் குடித்துப் பார்த்தோம். முதல் மடக்கு ஐஸ்கிரீம் சோடா மாதிரி நன்றாகவே இருக்கும். மீதியைப் பேசிக்கொண்டே வைத்திருந்தால் பால் திரிந்து அடியில் நிற்கும், அப்புறம் பாத்திரம் கழுவுவதும் நாம்தான். வேகமாகக் குடியுங்கள், அவ்வளவுதான் ஆலோசனை.

1 பிப்ரவரி, மதியம்

என் கட்சியில் ஓட்டை. நானே சொல்லிவிடுகிறேன்.

கலிஃபோர்னியா போனதால்தான் கெட்டது என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. 1977-78, 1978-79 இரண்டு வருடமும் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் இதுதான். செவ்வாய் இரவு, ஹேப்பி டேஸ் முடிந்த கையோடு. 1979-ல் ஏபிசிக்காரர்கள் இதைச் செவ்வாயிலிருந்து பிடுங்கி வியாழனில் நட்டார்கள். அங்கே எதிரே, வேறொரு சானலில், 'தி வால்டன்ஸ்' தொடர். பார்வையாளர்கள் கொட்டுகொட்டென்று உதிர்ந்தார்கள். அப்புறம் திங்கள், அப்புறம் 1980-ல் மறுபடியும் செவ்வாய். அந்த சீசன் பூராவும் பெண்கள் மில்வாக்கியில்தான், ஆலையில்தான். ஊர் மாறியது 1980 நவம்பரில். அதாவது சரிவு முதலில், கலிஃபோர்னியா பிறகு. நோய்க்குக் கொடுத்த மருந்தை நான் நோய் என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் நான் சொன்னது முழுத்தப்பு என்று தோன்றவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு, நன்றாக இருந்ததா என்பது வேறு. யோசித்துவிட்டு வருகிறேன்.

1 பிப்ரவரி, மாலை

யோசிக்கவில்லை. 1981-ல் இவர்களைப் பட்டாளத்தில் சேர்த்து ஒரு கார்ட்டூன் தொடரும் வந்தது என்பது நினைவுக்கு வந்து அதிலேயே மாலை போய்விட்டது. மேலதிகாரி ஒரு பன்றி. சத்தியமாக.

4 பிப்ரவரி

லெனி, ஸ்க்விகி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். மாடி வீட்டு லாரி டிரைவர்கள். மைக்கேல் மெக்கீனும் டேவிட் லேண்டரும் கல்லூரி நாட்களிலேயே உருவாக்கிவைத்திருந்த பாத்திரங்கள், பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே யாராவது "இதைவிட அருவருப்பான ஜந்து எது இருக்க முடியும்" என்பதுபோல ஏதாவது சொல்வார்கள், உடனே கதவு திறக்கும், ஸ்க்விகி "ஹலோ" என்பான். எத்தனை தடவை. வரும் என்று தெரிந்தும் சிரிப்பேன். வடிவேலு உள்ளே நுழையும்போது வசனத்துக்கு முன்பே சிரிப்போமே, அந்த ரகம்.

எனக்கு அதைவிடப் பிடித்தவர் லாவெர்னின் அப்பா ஃபிராங்க். பீட்சா கடையும் பௌலிங் கூடமும் சேர்ந்த பீட்சா பௌல். மகள் அங்கேயும் பரிமாற வேண்டியிருக்கும். ஆலையில் ஷிப்ட் முடித்து அப்பா கடையில் இரண்டாவது ஷிப்ட். இதை யாரும் சோகமாகச் சொல்வதில்லை, அது பாட்டுக்கு நடக்கும். நம் ஊரில் மில்லுக்குப் போய்வந்து மாலையில் அப்பாவின் டீக்கடையில் நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும், அவர்களும் அதைச் சோகமாகச் சொல்வதில்லை.

இன்னொன்று. மில்வாக்கிக் கதை, ஆனால் லாவெர்ன் பேசுவது மில்வாக்கிப் பேச்சே இல்லை. பென்னி மார்ஷல் நியூயார்க் பிராங்க்ஸ்காரர். லாவெர்னின் டிஃபாசியோ குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வந்தது என்று கதையில் சமாளித்தார்கள். என் உணவுக்கூடத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார், போலிஷ் வம்சம், தெற்கு மில்வாக்கி. "அந்தப் பொண்ணு எங்க ஊர்க்காரி கிடையாது, ஆனா சட்டையில பேரெழுத்தைத் தைச்சிருக்கா பாரு, அது எங்க ஊரு" என்பார். லாவெர்ன் போடும் எல்லாச் சட்டையிலும் ஒரு 'எல்' இருக்கும். அந்த அம்மாவின் ஏப்ரனிலும் பேர் தைத்திருக்கும், அதை நிர்வாகம் தைத்தது.

மில்வாக்கி ஆற்றங்கரையில் 2008-ல், ஹேப்பி டேஸ் தொடரின் பிரபல பாத்திரமான ஃபான்ஸிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒருமுறை திரும்பப் போனபோது அதோடு நின்று படமெடுத்துக்கொண்டேன். தோல் ஜாக்கெட், இரண்டு கட்டைவிரலும் தூக்கியபடி. அவர் எந்த ஆலை ஷிப்டுக்கும் போனதில்லை.

7 பிப்ரவரி

இப்போது உருப்படியாக ஒன்று.

ஷாட்ஸ் என்பது ஷ்லிட்ஸ் என்ற நிஜப் பெயரின் சாயல். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ், மில்லர், நான்கும் அந்தக் காலத்து மில்வாக்கி பியர் கம்பெனிகள். 1953-ல் அந்த ஊர் பியர் தொழிலாளர்கள் 76 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கோடைகாலத்தில், ஊர் காய்ந்துபோயிருக்கும். லாவெர்னும் ஷெர்லியும் அதற்குச் சில வருடம் கழித்து ஆலையில் நிற்கிறார்கள். அவர்கள் வாங்கிய கூலியில் அந்த 76 நாளுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும், தொடர் அதைத் தேடிப் போகவில்லை. அது பாட்டிலைத்தான் காட்டியது.

இன்னும் பின்னால் போனால் 1910. மதர் ஜோன்ஸ் என்ற தொழிற்சங்கக் கிழவி இரண்டு மாதம் மில்வாக்கியில் தங்கி, பியர் ஆலைகளில் பாட்டில் கழுவும் பெண்களைத் திரட்டியிருக்கிறார். நாள் முழுக்க ஈரமான காலணி, ஈரமான உடுப்பு, புளித்த பியர் நாற்றம் என்று அவர்கள் நிலையை எழுதியும் வைத்திருக்கிறார். இதை நான் படித்தது ஊரைவிட்டு வந்து பல வருடம் கழித்து. ஈரக் காலணி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தட்டு கழுவும் அறையில் எங்கள் இருவருக்கும் அந்த முதல் குளிர்காலம் முழுக்கக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். வெளியே மைனஸ் பதினைந்து, காலில் சேற்றுப்புண், வயலில் நாற்று நட்டவர்களுக்கு வருவது. அம்மாவிடம் போனில் சொன்னால் நம்பவில்லை. "அமெரிக்காவுல ஏதுடி சேறு" என்றார். மஞ்சளைக் குழைத்துப் போடச் சொன்னார். போட்டோம். சாக்ஸ் எல்லாம் மஞ்சள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியா சீசன் எப்படி ஆரம்பிக்கிறது என்று மறந்தே போயிருந்தேன், நேற்று மறுபடி பார்த்தேன். ஆலையில் மூடி போட மெஷின் வந்துவிடுகிறது. பெண்களுக்கு வேலை போய்விடுகிறது. அதனால்தான் கிளம்புகிறார்கள். இது 1980 நவம்பரில் ஒளிபரப்பானது. அடுத்த வருடம், 1981-ல், ஷ்லிட்ஸ் தன் மில்வாக்கி ஆலையை நிஜமாகவே இழுத்து மூடியது.

ஆக, தொடர் தன் வர்க்கத்தை விட்டு ஓடியது என்று நான் சொன்னது தப்பு. ஓடவில்லை, துரத்தப்பட்டது, கதைப்படியே. கலிஃபோர்னியாவில் அவர்கள் குடியேறிய பர்பாங்கில் அவர்களுக்குக் கிடைத்தது டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் பரிசுப்பொருளுக்குக் காகிதம் சுற்றும் வேலை. தொழிற்சாலையில் இருந்தவர்கள் கடைக்கவுண்டருக்கு வந்த கதை. அந்த ஊர்களில் அப்போது அதுதானே நடந்தது. என் ஆத்திரமெல்லாம் இப்போது வேறு இடத்தில்: இவ்வளவு நல்ல விஷயம் கையில் கிடைத்தும், அதை ஒரே எபிசோடில் முடித்துவிட்டு, சினிமா சான்ஸ், கௌபாய் ஓட்டல், ஸ்டண்ட்மேன் என்று போய்விட்டார்களே. அப்பா, வீட்டுக்காரம்மா எட்னா, லெனி, ஸ்க்விகி, கார்மைன் என்று ஊரையே காலி பண்ணிக் கூட்டிப்போனார்கள். வேலை போன ஒருவர்கூட மில்வாக்கியில் மிச்சமாக உட்கார்ந்திருக்கவில்லை. அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. என்னோடு வேலை செய்த அந்த போலிஷ் அம்மா, மூடிய ஏதோ ஒரு ஆலையிலிருந்து வந்தவர். அவர் எந்தக் கலிஃபோர்னியாவுக்கும் போகவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மாணவர்களின் எச்சில் தட்டுக்கு வந்தார்.

8 பிப்ரவரி

தொடக்கத்தில் இருவரும் கைகோத்து எண்ணிக்கொண்டே குதித்து வருவார்களே, அதில் வரும் வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டவருக்கு: பென்னி மார்ஷல் சின்ன வயதில் தெருவில் சொல்லி ஆடியது. நம் ஊர்ப் பாண்டியாட்டத்தில் நாம் ஏதோ உளறுவோமே, அதுபோல. ஷ்லமீல், ஷ்லிமாசல் இரண்டும் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி. சூப்பைக் கொட்டுகிறவன் ஷ்லமீல், யார் மடியில் கொட்டியதோ அவன் ஷ்லிமாசல். மூன்றாவதாக வரும் ஹாசன்பெஃபர் ஜெர்மன்காரர்களின் முயல் குழம்பு, அது ஏன் அங்கே வந்தது என்று கேட்கக்கூடாது.

கையுறைக் கதையில் யார் ஷ்லிமாசல் என்பது உங்களுக்கே தெரியும்.

12 பிப்ரவரி

பென்னி மார்ஷல் 2018 டிசம்பரில் போனார், சிண்டி வில்லியம்ஸ் 2023 ஜனவரியில். வழக்கு, மனஸ்தாபம் எல்லாம் கடந்து 2013-ல் ஒரு சிறுவர் தொடரில் இருவரும் சேர்ந்து ஒரு எபிசோடு நடித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

பென்னி இயக்கக் கற்றதும் இந்தத் தொடரில்தான், சில எபிசோடுகளை அவரே இயக்கினார். 1988-ல் 'பிக்'. ஒரு பெண் இயக்கிய படம் அமெரிக்காவில் 10 கோடி டாலர் தாண்டி வசூலித்தது அதுதான் முதல் தடவை. 1992-ல் போர்க்காலப் பெண்கள் பேஸ்பால் படம். அதில் இறுதி ஆட்டத்தில் எதிரணி ரசீன் ஊர். மில்வாக்கியிலிருந்து காரில் முக்கால் மணி. சுற்றி அங்கேயே வந்துவிட்டார் பாருங்கள்.

அண்ணன் கேரி மார்ஷல் தயவில் வந்தவர்தானே என்று ஒருவர் முணுமுணுத்திருக்கிறார். தொடரை உருவாக்கியவர்களில் அண்ணன் ஒருவர், உண்மை. அண்ணன் கதவைத் திறந்துவிடலாம், கட்டிலிலிருந்து நாமேதான் விழ வேண்டும்.

15 பிப்ரவரி

திருநெல்வேலிக்காரிக்கு இதையெல்லாம் அனுப்பிவைத்தேன். அவள் 2001-ல் வேலை கிடைத்துக் கலிஃபோர்னியா போனவள், பர்பாங்க் இல்லை, சான் ஹோசே. சீட்டெல்லாம் எழுதி வைக்கவில்லை, விமான நிலையத்துக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அந்த மாத மின்சாரக் கட்டணத்தில் பாதி இன்னும் தரவில்லை.

இத்தனை வருடமும் நான் லாவெர்ன், அவள் ஷெர்லி என்றே நினைத்திருந்தேன். ஒழுங்காகத் துணி மடிப்பவள், ஷெர்லி மாதிரியே பூனை பொம்மை ஒன்று வைத்திருந்தவள், முதலில் கல்யாணம் செய்துகொண்டவள். ஷெர்லி இல்லாமல் யார்?

நான்கு நாள் கழித்து இன்று குரல்செய்தி வந்தது. "ஏட்டி, நீ என்னத்த எழுதி வச்சிருக்க? நான்தாம்ட்டி லாவெர்ன். பாலும் பெப்சியும் முழுசாக் குடிச்சது நானு, நீ சிங்க்ல ஊத்தின. அப்புறம் அந்தக் கையுறைய மாட்டினது நான் இல்ல, நீ. நான் மெஷினுக்கு அந்தப் பக்கம்லா நின்னேன், அங்கன இருந்து எப்படிட்டி உள்ள அனுப்ப முடியும்?"

மூன்று தடவை கேட்டுவிட்டேன். பெல்ட் ஓடிய திசையை வைத்துப் பார்த்தால் அவள் சொல்வது சரியாகத்தான் வருகிறது. ஆனால் அன்றைக்கு நாங்கள் பக்கம் மாறி நின்றோம் என்று எனக்கு ஒரு நினைவு இருக்கிறது.